ஜூஜூவாடி: எல்லையோர ஊர் நகரத்துக்குள் போனபின் அதன் வரலாற்றைத் தேடிய அனுபவம்

பெங்களூரிலிருந்து ஓசூர் வருகிறவர்களுக்கு ஜூஜூவாடி என்றால் ஒரு சோதனைச்சாவடி. அத்திப்பள்ளி தாண்டி மாநில எல்லையைக் கடந்ததும் வரும் முதல் தமிழ்நாட்டு ஊர் அது. பேருந்து அங்கே வேகம் குறையும், செல்போனில் நெட்வொர்க் மாறும், அவ்வளவுதான். அங்கே ஏரிப் பாசனமும் ராகிக் காடும் அவரைப் பந்தலுமாக ஓர் ஊர் இருந்தது என்பது, அந்த ஊரிலேயே இப்போது குடியிருக்கும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மேல் குறை இல்லை. வேலைக்கு வந்தவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், யார் போய் அவர்களுக்குச் சொன்னார்கள்?

எங்கள் குடும்பம் அந்த மண்ணைச் சேர்ந்தது. வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டோடு கன்னடம், பள்ளியிலும் சர்க்கார் ஆபீசிலும் தமிழ், சந்தையில் கொஞ்சம் உருது. இப்படித்தான் வளர்ந்தோம். சில வருடங்களாக ஊரின் பழைய கதையைச் சேகரித்து வருகிறேன். நகரத்தோடு சேர்க்கப்பட்ட வேறு ஊர்க்காரர்கள் சிலர் 'இதை எங்கிருந்து ஆரம்பிப்பது' என்று கேட்டார்கள். நான் கற்றுக்கொண்டதை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லையைப் பற்றி ஒரு விஷயம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோதுதான் எல்லைக்கோடு வந்தது என்று எங்கள் ஊரிலேயே பலர் நினைக்கிறார்கள். கோடு அதற்கு வெகு முன்பே இருந்தது. 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை ஓசூர்க் கோட்டையைப் பிடித்தது. மறு வருடம் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் பகுதி கம்பெனிக்குப் போனது. 1799-ல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பக்கமும் கம்பெனியிடம் வந்து சேலம் ஜில்லாவோடு இணைந்தது. ஆனேக்கல், அத்திப்பள்ளி எல்லாம் மைசூர் சமஸ்தானத்தில் நின்றன. ஆகவே கோட்டுக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. 1956-ல் அது இங்கே நகரவில்லை, அதன் அர்த்தம்தான் மாறியது. அதுவரை வேறு வேறு அரசுகளுக்கு வரி கட்டிய இரண்டு பக்கத்து ஜனங்களும், அதற்குப் பிறகு வேறு வேறு மொழிக்காரர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். பெண் கொடுத்து எடுத்த உறவெல்லாம் அப்படியே இருந்தது. எங்கள் அத்தையைக் கொடுத்தது அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம். பெரியம்மா வந்தது சர்ஜாபூர் பக்கத்திலிருந்து.

இது தெரியாமல் ஊர் வரலாற்றைத் தேடினால் தப்பான கேள்விகளைக் கேட்போம். 'நம்ம ஊர் தமிழ் ஊரா, தெலுங்கு ஊரா, கன்னட ஊரா' என்று ஒருவர் கேட்பார். அதை நிரூபிக்க நான்கு பேர் கிளம்புவார்கள். அந்தக் கேள்வியோடு போனால் ஊருக்குள் ஒரு வீட்டுக் கதவு திறக்கும், மற்ற வீடுகள் மூடிக்கொள்ளும். எந்தத் தெருவில் யார் வந்து குடியேறினார்கள், எந்த ஏரி மதகை யார் பார்த்துக்கொண்டார்கள், கோயில் திருவிழாவில் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் எல்லா மொழிக்காரர்களும் பேசுவார்கள். முறை என்று கேட்டாலே பெரியவர்களுக்கு முகம் மலரும். யார் வீட்டிலிருந்து மாவிளக்கு முதலில் வரும், பறை யார் அடிப்பார்கள், யாருக்கு முதல் தேங்காய் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஊரின் மொத்த அமைப்பும் அதற்குள் வந்துவிடும். ஏற்றத்தாழ்வும் அதற்குள்ளேயே வரும். அதை மறைக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியில் தேங்காய் பெற்றவர்கள் யார், தேரடிக்கே வர முடியாதவர்கள் யார் என்பதும் ஊரின் வரலாறுதான்.

அடுத்து, பத்திரங்கள். வாய்மொழிக் கதைகளைவிட எனக்கு அதிகம் உதவியது வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்த காகிதங்கள்தான். எங்கள் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று தெலுங்கில் எழுதப்பட்டிருக்கிறது. மடித்த இடங்களில் கிழிந்து, ஒட்டிய பசையும் பழுப்பேறிப் போயிருக்கிறது. அதில் எல்லை சொல்லும் பகுதி, அதாவது செக்குபந்தி, ஒரு புதையல். கிழக்கே இன்னாரின் புஞ்சை, மேற்கே வண்டிப்பாட்டை, தெற்கே இன்னாரின் மானாவாரி, வடக்கே ஏரிக்குப் போகும் கால்வாய். அந்தக் கால்வாயின் மேல் இன்று மூன்று மாடி லைன் வீடுகள் நிற்கின்றன. மழை பெய்தால் அந்தத் தெருவில் மட்டும் முழங்கால் தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதற்கு விடை அந்த வரியில் இருக்கிறது. பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். செக்குபந்தியை முழுதாகப் படியுங்கள். உங்கள் நிலத்தைச் சுற்றி இருந்த நான்கு குடும்பங்களின் பெயர் அதில் கிடைக்கும். அவர்கள் பத்திரத்தில் இன்னும் நான்கு பெயர் கிடைக்கும். அப்படியே ஊரையே ஒருவர் கட்டி எழுப்பிவிடலாம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஒரே நிலம் மூன்று மாவட்டப் பெயர்களில் இருக்கும். 1965 வரை எழுதிய பத்திரத்தில் சேலம் ஜில்லா ஓசூர் தாலுகா என்றிருக்கும். அந்த வருடம் தருமபுரி தனி மாவட்டமானதால் பிறகு வந்தவற்றில் தருமபுரி மாவட்டம். 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபின் கிருஷ்ணகிரி. ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவுகளைத் தேடுகிறவர்கள் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேலம் ஜில்லா என்றுதான் கேட்க வேண்டும். 1918-ல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியரில் ஓசூர் தாலுகாவைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரியின் பார்வைதான், அந்த எச்சரிக்கையோடு படித்தால் பயன்படும்.

வில்லங்கச் சான்று இணையத்தில் ஒரு குறிப்பிட்ட வருடத்திலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையது வேண்டும் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்துப் பழைய புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. மொத்தமாக ஐம்பது வருடத்துக்குக் கேட்காமல், வீட்டிலிருக்கும் ஏதாவது ஒரு காகிதத்திலிருந்து வருடத்தை ஓரளவு குறுக்கிக்கொண்டு போனால் செலவும் குறையும், தேடித் தருகிறவருக்கும் பொறுமை இருக்கும்.

பெயர்களில் மிகுந்த கவனம் வேண்டும். தெலுங்குப் பத்திரத்தில் திம்மராயப்பா என்று இருப்பவர் தமிழ்ப் பட்டாவில் திம்மராயன் ஆகியிருப்பார். முனிசாமப்பா முனுசாமி ஆகியிருப்பார். 1980-களில் யூ.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள் அல்லவா, அப்போது கேட்ட காதுக்கு எப்படிப் பட்டதோ அப்படி எழுதினார்கள். அப்பா பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரே ஆள் என்று தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தால் அண்ணன் தம்பிகளுக்குள் வாரிசுச் சிக்கலே வந்துவிட்டது. ஓர் அலுவலகத்தில் 'இவர் வேறு, அவர் வேறு' என்று சொல்லி மனுவைத் திருப்பிவிட்டார்கள். தெலுங்கு தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பழைய பத்திரத்தைப் படித்து மொழிபெயர்த்துக் கொடுத்து, அதை நோட்டரியிடம் சான்றாக்கி வைத்தபிறகுதான் வழி பிறந்தது. ஊர் வரலாறு என்பது பொழுதுபோக்கு வேலை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, ஊர் எப்படி நகரமானது?

1970-களில் சிப்காட் வந்தது. தொழிற்பேட்டைக்காக ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி பக்கம் நிலம் எடுத்தார்கள். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வந்தன, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே டைட்டன் வந்தது. நிலம் கொடுத்தவர்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன். தொகையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நிலத்தில் இருந்த மரங்களைப் பற்றிக் கேட்டால் பேச்சு நீளுகிறது. இந்தப் புளியமரம் யாருடையது, அதன் காய் எத்தனை வீட்டுக்குப் போனது, எந்த ஆலமரத்தடியில் பஞ்சாயத்துக் கூடியது என்று மணிக்கணக்கில் சொல்வார்கள். எங்கள் பாட்டிக்கு, நாங்கள் அவ்வா என்று கூப்பிடுவோம், தொழிற்சாலைச் சுற்றுச்சுவரைப் பார்த்தாலே உள்ளே எங்கெங்கே எந்தக் காடு, அதாவது எந்தப் புஞ்சை, இருந்தது என்று வரிசையாகச் சொல்ல வரும். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் கோடு போட்டு வரைந்தேன். பிறகு கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு நிலத்தின் அளவையும் காட்டும் புலப்படத்தையும் வாங்கி ஒப்பிட்டபோது, அவர் சொன்ன வரிசை பெரும்பாலும் பொருந்தியது. கிராம வரைபடத்தில் வெறும் எண்கள்தான் இருக்கும். காட்டின் பெயர்கள் அவ்வாவிடம்தான் இருந்தன. இரண்டும் சேர்ந்தால்தான் வரைபடம் முழுமையாகும். பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்பதைவிட நடக்க வைத்துக் கேட்பது நல்லது என்று அப்போதுதான் புரிந்தது. நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று வந்தாலே போதும். இடத்தைப் பார்த்ததும் ஞாபகம் தானாக வரும்.

தொழிற்சாலை வந்ததும் சேலம், தருமபுரி, திருவண்ணாமலை, மதுரைப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். ஊரில் தமிழ் ஓங்கியது அப்போதுதான். அதற்குப் பிறகு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள், ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். வந்தவர்களின் கதையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நாற்பது வருடத்துக்கு முன் டிரங்குப் பெட்டியோடு வந்து லைன் வீட்டில் குடியேறி, இங்கேயே பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்தவரை வெளியூர்க்காரர் என்று எப்படிச் சொல்வது? எங்கள் முன்னோரும் ஒரு காலத்தில் எங்கிருந்தோ வந்தவர்கள்தான்.

2011-ல் ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஊராட்சிகளும் மத்திகிரி பேரூராட்சியும் ஓசூர் நகராட்சியில் சேர்ந்தன. 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. நல்ல சாலை வரும், தண்ணீர் வரும், வீட்டு மனைக்கு மதிப்புக் கூடும் என்று ஜனங்கள் நினைத்ததில் தப்பில்லை, அதில் பலவும் வந்தது. போனவை மெதுவாகத்தான் தெரிந்தன. கிராம சபை இல்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று அப்போது வருடத்தில் நான்கு நாள் ஊர்க்காரர் எவரும் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம் என்ற உரிமை அது. கூட்டத்தில் பாதிப் பேர் தெலுங்கிலும் கன்னடத்திலும்தான் கேட்பார்கள், தீர்மானம் தமிழில் எழுதப்படும். நூறுநாள் வேலையும் கிராமங்களுக்கு மட்டும் என்பதால் அதுவும் நின்றது. வயதான பெண்களுக்கு அது பெரிய இடி.

உங்கள் ஊரை நகரத்தோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டால் உடனே செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு. ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் கிராம சபைத் தீர்மானப் புத்தகங்களின் நகலை வாங்கிவிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் கிடைக்கும். அலுவலகம் இடம் மாறும்போது மேசை நாற்காலி பத்திரமாகப் போய்ச் சேரும், நோட்டுப் புத்தகங்கள் எந்த மூலையில் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டின் நகலும் வாங்கிவிடுங்கள். ஏரி, கால்வாய், பாட்டை, சுடுகாடு, மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் எந்த எண்ணில் எவ்வளவு பரப்பு என்று அதில் இருக்கும். நகர சர்வே நடந்துவிட்டால் பழைய எண்கள் போய் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று புது எண் வரும். எந்தப் பழைய எண் எந்தப் புது எண்ணாக மாறியது என்ற ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால், பத்து வருடம் கழித்து உங்கள் நிலத்தையே பதிவேட்டில் அடையாளம் காட்ட முடியாமல் போகும். பொது நிலங்களுக்கு இது இன்னும் முக்கியம். தனியார் நிலத்துக்காவது சொந்தக்காரர் ஓடி அலைவார். கால்வாய்க்கு யார் அலைவார்கள்?

எங்கள் பக்கத்தில் நடுகற்களுக்குக் குறைவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்கவே அப்படித்தான். வயலோரத்தில் இருந்த கல் இப்போது மனையோரத்தில் இருக்கும், சில இடங்களில் பெயிண்ட் அடித்துச் சாமியாக்கியிருப்பார்கள். ஒரு கல்லைப் பற்றி மூன்று வீடுகளில் மூன்று கதை சொன்னார்கள். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் என்றது ஒரு வீடு. புலியைக் குத்திச் செத்தவன் என்றது இன்னொன்று. தங்கள் வம்சத்து முன்னோர் என்று மூன்றாவது வீட்டில் வருடா வருடம் படையல் வைக்கிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், யார், எந்த மொழியில், என்றைக்குச் சொன்னார் என்று மூன்றையும் எழுதி வைத்தேன். கல்லில் என்ன செதுக்கியிருக்கிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். படம் எடுக்கும்போது காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுங்கள், உருவமும் எழுத்தும் தெளிவாகத் தெரியும். எழுத்துத் தெரியவில்லை என்று சாக்பீஸால் தேய்ப்பது, கம்பியால் சுரண்டுவது எதுவும் கூடாது. எழுத்து இருந்தால் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வருடம் கேட்டால் பெரியவர்களுக்குச் சொல்ல வராது. எங்கள் ஊரில் காலத்தை அளக்க வேறு அளவுகோல் இருக்கிறது. 1991 காவிரிக் கலவரம், 2016 செப்டம்பர் கலவரம், கொரோனா. 'அந்தக் கல்யாணம் காவிரிக் கலாட்டாவுக்கு முன்னாடியா, பின்னாடியா' என்று கேட்டால் உடனே பதில் வரும். 2016-ல் இரண்டு மாநிலப் பேருந்துகளும் எல்லை தாண்டாமல் நின்றன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டும் ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தார்கள். அந்த நாட்களில் அத்தை வீட்டிலிருந்து தினமும் இரண்டு மூன்று முறை போன் வரும். எங்கள் வீட்டில் இருந்தவர்கள் கன்னடத்தில் பேசி நலம் விசாரிப்பார்கள். டி.வி.யில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். இந்த மாதிரி நாட்களைப் பற்றிக் கட்டாயம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எந்தக் கடைக்காரர் யாரை உள்ளே வைத்து ஷட்டரை இறக்கினார், யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்பது எந்தப் பேப்பரிலும் வராது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச்சாவடி மூடப்பட்டதும் இன்னொரு கணக்கு. லாரி வரிசையை நம்பி டீக்கடையும் பஞ்சர் கடையும் வைத்திருந்தவர்கள் அதை வைத்துத்தான் தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள்.

பேட்டி எடுப்பதில் எனக்குப் பிடிபட்ட சில விஷயங்கள். அவரவர் வீட்டு மொழியில் கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அஜ்ஜி தமிழில் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடிப்பார், கன்னடத்தில் கேட்டால் நடவுப் பாட்டே பாடுவார். மொழி தெரியாவிட்டால் அந்த வீட்டுப் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேரன் கேட்கிறான் என்றால் அவர்களும் ஆசையாகச் சொல்வார்கள், அவனும் கேட்ட மாதிரி ஆகும். நில விவகாரம் கோர்ட்டில் இருக்கும் வீட்டில் ரெக்கார்டரை வெளியே எடுக்கவே கூடாது. பத்திரத்தைப் படம் எடுக்க அனுமதித்தாலும் அதை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது. பதிவு செய்ததை ஒரு பென் டிரைவில் போட்டு அந்த வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். அவர் காலமானபின் அந்தக் குரல் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்கு அவசரம் ஒன்று இருக்கிறது. எங்கள் தலைமுறையில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் நிறையப் பேர், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் குறைவு. 2006-ன் தமிழ் கற்றல் சட்டத்தால் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். அது நல்லதுதான். நானே தமிழில்தான் எழுதுகிறேன். கூடவே தாய்மொழி எழுத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு, கன்னட, உருதுப் பள்ளிகளிலிருந்து கோரிக்கை எழுந்து, அது நீதிமன்றம் வரை போனது. என் கவலை இன்னும் எளிமையானது. டிரங்குப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தைப் பேரன் படிக்க வேண்டும். எங்களுக்குப் பத்திரம் படித்துத் தரும் வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் திண்ணையிலேயே நான்கைந்து பிள்ளைகளுக்குப் பழைய தெலுங்குக் கையெழுத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். அச்சு எழுத்துத் தெரிந்தவர்களுக்கும் பத்திர எழுத்தரின் கூட்டெழுத்து பிடிபடக் கொஞ்ச காலம் ஆகிறது. அவரவர் வீட்டுப் பத்திரத்தின் நகலையே பாடப் புத்தகமாக வைத்ததால் பிள்ளைகள் சலிப்பில்லாமல் படிக்கிறார்கள்.

இனி ஆனேக்கல் பக்கம் போக வேண்டும். 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, அந்தப் பக்கமும் ஊர்கள் வேகமாக மாறுகின்றன. அத்தைக்குச் சீதனமாகக் கொடுத்த நிலம் கர்நாடகப் பதிவேட்டில் இருக்கிறது. அங்கே பஹணி என்பார்கள், பூமி இணையதளத்தில் சர்வே எண் போட்டால் கன்னடத்தில் வரும். எங்கள் தாத்தாவின் பெயர் அந்தப் பக்கத்துக் காகிதத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அத்தை மகன் சர்வே எண்ணை அனுப்பியிருக்கிறார். பழைய கைப்பிரதிப் பஹணிக்குத் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் விண்ணப்பம் கொடுக்க இந்த மாதம் இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம்.